வீல் பேலன்சிங் மெஷின் ஜீரோ காட்டிய பிறகும் ஸ்டீரிங் உதறியவர்கள் உண்டா?

விழுப்புரத்தான்:
நாலு டயரும் புதுசு. பேலன்சிங் (வீலை மெஷினில் சுற்றவிட்டு, எடை குறையும் இடத்தில் சின்ன வெயிட் ஒட்டுவது), அலைன்மென்ட் முடித்துக் கிளம்பினேன். திண்டிவனம் தாண்டி 90-ஐத் தொட்டதும் ஸ்டீரிங் உதற ஆரம்பித்தது; 80-க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். மறுநாள் அதே கடை. "ஜீரோ வந்துச்சே சார்" என்றார் பையன். "தம்பி, மெஷின் நட்டை லூஸ் பண்ணி, வீலை மட்டும் அரைச் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடி சுத்த விடுங்க" என்றேன். அதே வீலுக்கு இப்போது உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 15 கிராம் வெயிட் கேட்டது மெஷின். இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். வீலை மெஷினின் நடுவில் பிடித்து நிறுத்தும் கோனைக் கழற்றினால், அதன் சரிவில் கடுகளவு மண், கிரீஸோடு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டி எடுத்தபோது வயிறு எரிந்தது. இதற்கா அவ்வளவு தூரம் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்?

கோவை டீசல்:
அண்ணா, அரைச் சுற்று சோதனை நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மெஷின் பக்கத்துக் கோளாறைத்தான் அது காட்டும். துரு ரிம்மின் நடு ஓட்டையிலேயே இருந்தால் வீலோடு சேர்ந்து அதுவும் திரும்பும். எத்தனை தடவை திருப்பினாலும் ஜீரோதான். என் வண்டியில் அப்படித்தான். ஓட்டையை உப்புத்தாளால் தேய்த்த பிறகு 20 கிராம் வித்தியாசம்.

நாகர்கோவில் மழை:
எனக்கு வேறு கதை. பஞ்சருக்குப் பயந்து டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தேன்; கடைக்காரரிடம் சொல்லவில்லை. முதல் சுற்றில் 35 கிராம், அடுத்து 10, அப்புறம் 50, அதுவும் வேறு வேறு இடத்தில். அவர் வீலை நிறுத்தி, டயரில் காதை வைத்து மெதுவாக உருட்டினார். உள்ளே களக் களக் என்றது. எதுவும் பேசாமல் டயரைக் கழற்றப் போனார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரிம்மின் உள்பக்கச் சேற்றைக் கழுவாமல் மெஷினில் ஏற்ற விடாதீர்கள். சேற்றுக்கும் சேர்த்து வெயிட் ஒட்டுவார்கள், அது உதிர்ந்த அன்று உதறல் ஆரம்பம். பழைய வெயிட் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லுங்கள். டயர் இடுக்கில் இருக்கும் கல்லை எடுங்கள். மெஷினில் முந்தைய வண்டிக்குப் போட்ட 14 இஞ்ச் அளவு அப்படியே இருக்க, உங்கள் 15 இஞ்ச் வீலை ஏற்றிவிட்டால் வரும் கிராம் எல்லாம் தப்பு. அலாய் வீலுக்கு ஸ்டிக்கர் வெயிட் என்றால் மெஷினிலும் அந்த மோடு மாற்ற வேண்டும். இன்னொன்று, பல மெஷின்கள் 5 கிராமுக்குக் கீழே இருப்பதையும் ஜீரோ என்றே காட்டும். உண்மையான அளவைப் பார்க்கத் தனிப் பட்டன் இருக்கும், அழுத்தச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். கோவைக்காரர் சொன்ன துரு, காரில் வீல் உட்காரும் ஹப் முகத்திலும் வரும், அதையும் தேயுங்கள்.

கோவை டீசல்:
ஸ்டீரிங் உதறினால் பெரும்பாலும் முன் வீல், சீட் அதிர்ந்தால் பின் வீல். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தான்:
கோவைத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை பின் வீல் இரண்டையும் கழற்றினேன். இடது ரிம்மின் ஓட்டை ஓரத்தில் துரு, விரல் பட்டாலே பொருக்காக உதிர்கிறது. நாளைக்குக் கடைக்குப் போகிறேன், உப்புத்தாள் வாங்கியாயிற்று.