அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு ஐந்தரை மாத மருந்துகளை எப்படிக் கொடுத்தனுப்புவது?

மாடக்குளத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவும் அம்மாவும் வருகிற மே மாதம் சிகாகோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறார்கள். சென்னையிலிருந்து அபுதாபி வழியாகப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். ஐந்தரை மாதம் அங்கே தங்குவார்கள்.

அப்பாவுக்கு வயது 72. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துக் காலையில் 22 யூனிட்டும் இரவில் 14 யூனிட்டும் 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கும் மெதுவாக வேலை செய்வது 70 பங்கும் கலந்தது) போட்டுக்கொள்கிறார். அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வில்டாக்ளிப்டின், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், இரவில் பாத எரிச்சலுக்குப் பிரிகாபலின் ஆகியவையும் உண்டு. அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் அசினோகூமரால் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தைராய்டுக்குத் தைராக்சினும் சாப்பிடுகிறார்.

இத்தனை மாத்திரைகளையும் அம்மா அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கும் அறை வைத்த டப்பாவில் போட்டுவைப்பது வழக்கம். மீதமிருக்கும் வெட்டிய அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறார். அப்படியே எடுத்துச் சென்றால் விமான நிலையத்தில் சிக்கல் வருமா? ஐந்தரை மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தனுப்பலாமா? இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா? இருவருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் எனக்குக் கவலை அதிகமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய மருந்தாளுநர் எழுதியது:

தம்பி, நான் கும்பகோணத்தில் 34 ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன். முதலில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அட்டையிலிருந்து பிதுக்கிய வெள்ளை மாத்திரைக்குப் பெயர் கிடையாது. சுங்க அதிகாரிக்கு மட்டுமல்ல, அவசரத்தில் பார்க்கிற மருத்துவருக்கும் அது என்னவென்று தெரியாது. நாங்கள் கத்தரியால் பத்து மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதி நாள் இன்னொரு துண்டிலும் போய்விடும். ஆகவே முழு அட்டைகளாக, ஒரே தொகுதி எண்ணுள்ளவையாக, பயணம் முடிந்த பிறகும் சில மாதங்கள் காலாவதி மீதமிருப்பவையாகக் கேட்டு வாங்குங்கள். தைராக்சினை அது வருகிற பாட்டிலைவிட்டு மாற்றவே வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். வார டப்பாவை அக்கா வீட்டுக்குப் போன பிறகு அம்மா நிரப்பிக்கொள்ளட்டும். கடை ரசீதையும் கிழித்துப்போடாமல் வைத்திருங்கள்.

அடுத்தது மருந்துச்சீட்டு. நம் ஊர்ச் சீட்டில் பெரும்பாலும் கம்பெனிப் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர் அமெரிக்காவில் எந்த மருந்தாளுநருக்கும் புரியாது. எனவே மருத்துவரிடம் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரும், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எந்த நோய்க்கு என்பதும் தெளிவாக வருமாறு, அவருடைய கடிதத்தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நோயாளியின் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே, இனிஷியல் விரிவு உட்பட, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். மூலப்பெயரே சில இடங்களில் மாறும் என்பதையும் அக்காவிடம் சொல்லிவையுங்கள். நாம் பாரசிட்டமால் என்பதை அங்கே அசிட்டாமினோஃபென் என்பார்கள், மூச்சிரைப்புக்கான சால்புட்டமாலை அல்புட்டரால் என்பார்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பெயர்கள் உறுத்தின. வில்டாக்ளிப்டினும் அசினோகூமராலும் அமெரிக்காவில் விற்பனையில் இல்லாத மருந்துகள். தொலைந்துவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே அங்கு எடுபடாது. வில்டாக்ளிப்டினுக்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றை மருத்துவர் எழுதிவிடலாம். ஆனால் அசினோகூமரால் அப்படியல்ல. அங்கே கிடைப்பது வார்ஃபரின். ஒன்றை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறினால் ஐ.என்.ஆர். என்ற, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பப் பார்த்து அளவை நிலைப்படுத்த வேண்டும். வால்வு மாற்றியவருக்கு இடையில் நான்கு நாள் விட்டுப்போனாலும் வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஆகவே அம்மாவின் அந்த ஒரு மாத்திரையை மட்டும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு அம்மாவிடமும் ஒரு பங்கு அப்பாவின் கைப்பையிலும் இருக்கச் செய்யுங்கள். இரண்டோடும் அம்மாவின் பெயருள்ள கடித நகல் இருக்க வேண்டும்.

இன்சுலின் விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளவை. அதற்கென்று சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு இருக்கிறது. அமெரிக்கக் குப்பிகள் 100 யூனிட் உள்ளவை. அவற்றின் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அங்கே குப்பியை மட்டும் வாங்கி, கையிலிருக்கும் நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 22 என்ற கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 22 யூனிட் அல்ல, 55 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை அடியோடு இறங்கி நினைவிழந்துவிடுவார். இந்தச் சிரிஞ்சை அந்தக் குப்பியோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்பதை அப்பாவுக்கும் அக்காவுக்கும் தனித்தனியாக, இரண்டு குப்பிகளின் படத்தையும் காட்டி விளக்குங்கள். இயன்றால் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேட்டுப் பேனா வடிவ இன்சுலின் ஊசிக்கு மாறிவிடுவது நல்லது. நம் ஊரில் கிடைக்கும் பேனா மருந்தும் 100 யூனிட்தான் என்றாலும், பேனாவில் எண்ணைத் திருப்பிவைத்துப் போடுவதால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

அமீரகச் செவிலி எழுதியது:

வணக்கம். நான் அமீரகத்தில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். அப்பாவின் பட்டியலில் உள்ள பிரிகாபலின் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலி மருந்தான டிரமடாலும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. நம் ஊரில் நரம்பு வலிக்குச் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் மருந்து என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்தாமல் வந்து, சுங்கச் சோதனையில் நிறுத்தி வைக்கப்படுகிறார்கள். விமானம் மாறுவதோடு சரி, நாட்டுக்குள் நுழையப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இணைப்பு விமானம் தவறிப்போய் விமான நிறுவனம் இரவு தங்க விடுதிக்கு அனுப்பினால், குடியேற்றமும் சுங்கமும் கடந்துதான் வெளியே வர முடியும். இங்குள்ள அரசு இணையதளத்தில் மருந்துச்சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் பதிவேற்றி முன்அனுமதி கேட்க வழி உண்டு. அதை வாங்கி அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொன்று: அமெரிக்காவுக்குச் செல்பவர்களின் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் அபுதாபி விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். சிகாகோவில் இறங்கும்போது அக்கா வாசலில் நிற்பார் என்றாலும், கேள்வி கேட்கும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். ஆகவே ஆங்கிலக் கடிதம் பெட்டிக்குள் அல்ல, கடவுச்சீட்டோடு சேர்ந்து கையில் இருக்க வேண்டும். மருந்து இருக்கிறதா என்று கேட்டால் மறைக்காமல் ஆம் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினால் போதும். பிரிகாபலின் அமெரிக்காவிலும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

நியூஜெர்சி மகள் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். என் பெற்றோரை நான்கு முறை இங்கே அழைத்திருக்கிறேன். முதல் முறை நாங்கள் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கைப்பை கனமாக இருக்கிறது என்று அப்பாவின் மருந்துகளை எல்லாம் பெரிய பெட்டியில் வைத்துவிட்டோம். பெட்டி வேறு ஊருக்குப் போய், மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது. அந்த மூன்று நாளும் நான் தெரிந்த மருத்துவர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெட்டி வந்தபோது இன்சுலினைக் குப்பையில்தான் போட்டோம். சரக்கு அறையில் குளிர் எந்த அளவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே தெரிந்தாலும் வேலை செய்யும் என்று நம்பக்கூடாது.

கைப்பையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானத்தில் மேலே இடமில்லை என்றால், ஏறும் வாசலிலேயே சக்கரப் பைகளை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்கள் மறுக்கத் தெரியாமல் கொடுத்துவிடுவார்கள். என் அம்மா அப்படித்தான் கொடுத்தார். அதன்பிறகு நான் மருந்துக்கென்று தோளில் குறுக்காக மாட்டும் சிறிய துணிப்பை ஒன்று தைத்து வாங்கினேன். அதை உறங்கும்போதும் கழற்றக்கூடாது, கழிப்பறைக்கும் அதோடுதான் போக வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கிறேன் என்று ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டிய பக்கம் உறைந்துவிடும். ஜெல் பொதியை ஒரு கைத்துண்டில் சுற்றி, இடையில் இன்னொரு துணியை வைத்து, அதற்கப்பால் குப்பிகளை வையுங்கள். விமானப் பணியாளர்களிடம் கொடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லவும் வேண்டாம். அங்கே உறையவும் கூடும், இறங்கும்போது மறக்கவும் கூடும். பயன்பாட்டில் இருக்கும் ஒரு குப்பி, 30 பாகை செல்சியசுக்கு மிகாத அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும் என்பதால் அதைச் சாதாரணமாகவே கையில் வைத்துக்கொள்ளலாம். ஊசிகளும் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவ மருந்தும் இருந்தால், பாதுகாப்புச் சோதனையில் பை இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே எடுத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தரை மாதத்துக்கும் சேர்த்துக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். 90 நாள் அளவுக்கு மிகாமல் கொண்டுவர வேண்டும் என்பதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொதுவான வழிகாட்டுதல். அதற்கு மேல் தங்குபவர்களுக்கு மீதியைக் கூரியரில் அனுப்ப அதே நிர்வாகம் வழி சொல்கிறது. பொதியோடு விசா, கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்கள், மருத்துவரின் கடிதம், ஆங்கில மருந்துச்சீட்டின் நகல் ஆகியவை இருக்க வேண்டும். நான் மூன்றாம் மாதம் முடியும்வரை காத்திருக்காமல் ஏழாவது வாரத்திலேயே அனுப்பச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் சுங்கத்தில் தாமதமானாலும் கையில் மருந்து இருக்கும். இன்சுலினை மட்டும் கூரியரில் நம்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 36 யூனிட் என்றால் 90 நாளுக்கு 3,240 யூனிட். 400 யூனிட் குப்பியாக ஒன்பது வேண்டும், ஒன்று உடைந்தாலும் சமாளிக்கப் பத்தாக வையுங்கள். மீதி நாட்களுக்கு இங்கே மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். அப்போது சிரிஞ்சு பற்றி மேலே ஐயா சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

மாடக்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி விஷயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. படித்ததும் அக்காவை அழைத்துச் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். விமானத்தில் எந்த ஊர் நேரத்தைப் பார்த்து ஊசி போடுவது?

பழைய மருந்தாளுநர் எழுதியது:

தம்பி, மே மாதத்தில் சிகாகோ நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பது. அதாவது அப்பாவின் காலை ஊசி நேரம் அங்கே கிட்டத்தட்ட இரவு ஊசி நேரமாகிறது. இரண்டும் சம அளவாக இருந்தால் கவலையில்லை. 22, 14 என்று வேறுபடுவதால், எந்த வேளையில் அளவை மாற்றிக்கொள்வது என்பதைச் சர்க்கரை மருத்துவரே எழுதித்தர வேண்டும். பயணச்சீட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு தாளில் இந்திய நேரம், சிகாகோ நேரம், போட வேண்டிய யூனிட் என்று மூன்று பத்தி கட்டித் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். கைக்கடிகாரத்தைச் சிகாகோவில் இறங்கும்வரை மாற்ற வேண்டாம்.

விமானத்தில் சாப்பாட்டு வண்டி தூரத்தில் தெரிகிறது என்று ஊசி போட்டுவிடக் கூடாது. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். ஊசி உள்ளே போயிருக்கும், சாப்பாடு வராது. தட்டு தன் முன்னால் வந்த பிறகே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், சர்க்கரை பார்க்கும் கருவியும் அதே துணிப்பையில் இருக்கட்டும். அம்மாவின் அசினோகூமராலை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதையும் இதய மருத்துவரிடம் இதேபோல எழுதி வாங்குங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்து அந்த அறிக்கையையும் கடிதத்தோடு சேர்த்துவையுங்கள். அங்கே போய் முதல் பரிசோதனை செய்யும் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.