பாகுபாட்டை வெளிக்கொணர்வது எது: நேர்காணலா, சோதனையா?

எண்ணரசு:
ஆளெடுப்பில் சாதியோ மதமோ பார்க்கிறீர்களா என்று எந்த நிறுவனத்தைக் கேட்டாலும், திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை ஆயிரக்கணக்கில் திரட்டினாலும் அதற்கு மதிப்பு கூடிவிடாது என்பது என் வாதம். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் துறை வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. சில பெயர்கள் உயர்சாதி இந்துவைச் சுட்டின, சில தலித்தை, சில முஸ்லிமை. அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படுவதற்கும் அழைக்கப்படாததற்கும் இடையிலான விகிதத்தை (odds) உயர்சாதிப் பெயருக்கு 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. யாரிடமும் எந்தக் கருத்தும் கேட்காமலே கிடைத்த விடை இது.

செவ்வி:
எண்ணரசு அவர்கள் சொன்ன ஆய்வு வெளிவந்த அதே ஆண்டில், அதே இதழில், சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய மற்றொரு கட்டுரையும் வந்தது. அவர்கள் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதியே முக்கியம் என்று உறுதியாகச் சொன்ன அதே மேலாளர்கள்தாம், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைத் தவறாமல் விசாரிப்போம் என்பதையும், அதில் ஒளிக்க ஏதுமில்லை என்ற நினைப்பில், தாமாகவே விளக்கினார்கள். தந்தையின் தொழில், வளர்ந்த சூழல், வீட்டாரின் படிப்பு ஆகியவற்றை வைத்து ஒருவரின் குணத்தை மதிப்பிடுவது அவர்களுக்குப் பாகுபாடாகவே தோன்றவில்லை. உங்கள் 0.67 என்ற எண் கதவு மூடியிருப்பதைக் காட்டுகிறது. மூடுபவர் அந்தச் செயலைத் தமக்குள் என்னவென்று அழைத்துக்கொள்கிறார் என்பதை அந்த எண்ணிலிருந்து எப்படி அறிவீர்கள்?

எண்ணரசு:
அறிய முடியாதுதான். ஆனால், மேலாளரின் விளக்கம் அவருடைய செயலுக்கு உண்மையான காரணமா, பின்னர் கட்டிக்கொண்ட சமாதானமா என்பதை உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லும் செயலும் விலகுவதற்குப் பழைய சான்று ரிச்சர்ட் லபியர் 1934-இல் வெளியிட்டது. சீனர்களுக்கு எதிரான வெறுப்பு பரவலாக இருந்த அமெரிக்காவில், ஒரு சீனத் தம்பதியுடன் அவர் பயணம் செய்து 250-க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார். ஒரே ஓர் இடத்தில்தான் மறுக்கப்பட்டார்கள். பின்னர், சீனர்களை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டபோது, பதிலளித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் மாட்டோம் என்றார்கள்.

மறுப்பாளன்:
இந்தச் சான்று உங்கள் தரப்புக்கு நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவவில்லை. தோரட் ஆய்வில் சொல் நல்லதாகவும் செயல் கெட்டதாகவும் இருக்கிறது. லபியரிடம் அது தலைகீழாக நிற்கிறது. அப்படியானால், மனிதர்கள் எப்போதும் தம்மை நல்லவர்களாகக் காட்டிக்கொள்கிறார்கள், சோதனை அந்த முகமூடியைக் கழற்றுகிறது என்ற கதை இரண்டுக்கும் பொருந்தாது. அதோடு, தம்பதியுடன் வெள்ளையரான லபியரும் நின்றார் என்பதையும், கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வரவேற்பு மேசையில் இருந்தவரும் ஒருவரேதானா என்பது தெரியாது என்பதையும் பிற்கால விமர்சகர்கள் சுட்டியிருக்கிறார்கள். தாளில் எழுதப்பட்ட ஓர் இனப் பெயரை வெறுப்பதும், எதிரில் சிரித்த முகத்துடன் நிற்கும் இருவரை வெளியே போகச் சொல்வதும் வெவ்வேறு செயல்கள். ஒன்று உண்மை, மற்றது வேடம் என்று எதை வைத்துத் தீர்ப்பீர்கள்?

என் முதன்மையான மறுப்பு வேறு. போலி விண்ணப்பம் என்பது பொய். அதைப் படிக்கும் அலுவலர் ஆய்வுக்கு இசைவு தரவில்லை. சமூக உண்மை என்ற பெயரில் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு லாட் ஹம்ஃப்ரீஸ் எடுத்துக்காட்டு: பொதுக் கழிப்பிடங்களில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவைக் கவனித்து, அவர்களுடைய வாகன எண்களைக் குறித்துக்கொண்டு, பின்னர் தோற்றத்தை மாற்றி உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவர்கள் வீடுகளுக்கே சென்றார். 1970-இல் நூலாக வந்த அந்த ஆய்வு பல தப்பெண்ணங்களைத் தகர்த்தது உண்மைதான். அடையாளம் வெளிப்பட்டிருந்தால் அந்த மனிதர்களின் வாழ்க்கையும் தகர்ந்திருக்கும்.

எண்ணரசு:
ஹம்ஃப்ரீஸையும் விண்ணப்பச் சோதனையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. பின்னதில் எந்தத் தனிமனிதரும் அடையாளம் காட்டப்படுவதில்லை. இழப்பு என்பது ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும் நேரம் மட்டுமே. பொய்யே கூடாது என்றால், அதற்கும் வழி உண்டு. ஸ்டான்லி வார்னர் 1965-இல் முன்வைத்த வாய்ப்புமுறைப் பதிலின் பிற்கால எளிய வடிவம் இது: பதிலளிப்பவர் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார், தலை விழுந்தால் கேள்வி எதுவானாலும் ஆம் என்கிறார், பூ விழுந்தால் உண்மையைச் சொல்கிறார். 1,000 பேரில் 600 பேர் ஆம் என்றால், ஏறத்தாழ 500 ஆம்கள் நாணயத்தினுடையவை. எஞ்சிய 500 பேரில் 100 பேர் உண்மையாகவே ஆம் என்றவர்கள், அதாவது 20 விழுக்காடு. தனி ஒருவரின் ஆம் என்ற சொல்லிலிருந்து எதையும் உறுதியாக அறிய முடியாது. துல்லியம் குறையும் என்பதால் கூடுதலான ஆட்களைக் கேட்க வேண்டும், அவ்வளவே.

செவ்வி:
அவ்வளவே அல்ல. இம்முறையைப் பயன்படுத்தியவர்களே எதிர்கொண்ட சிக்கல் ஒன்று உண்டு. தலை விழுந்தும், செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தயங்கி, இல்லை என்று சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கழித்தல் கணக்கு அப்போது மெய்யான விழுக்காட்டைக் குறைத்தே காட்டும். நாணயம் தம்மைக் காக்கும் என்று அவர்கள் நம்ப வேண்டுமானால், யாராவது ஒருவர் அருகில் அமர்ந்து, பொறுமையாகப் பேசி, அந்த நம்பிக்கையை உண்டாக்கியாக வேண்டும். அந்த வேலையைத்தான் நீங்கள் தொடக்கத்திலேயே மதிப்பற்றது என்று ஒதுக்கினீர்கள்.

மறுப்பாளன்:
பேசி நம்பிக்கையை உண்டாக்கிய பிறகு, அவர் சொன்னது எந்தக் கட்டுரையில் எந்தத் தலைப்பில் வரும் என்பதை அவரிடம் சொல்வீர்களா, செவ்வி? மனிதவள மேலாளர்கள் 25 பேரும் தங்கள் வாய்மொழி சாதிப் பாகுபாட்டுக்குச் சான்றாகும் என்று அறிந்திருந்தால், குடும்பப் பின்னணியைப் பற்றி அவ்வளவு தாராளமாகப் பேசியிருப்பார்களா?