டிராப்ஷிப்பிங்: ‘இருப்பிலா வணிகம்’ போதுமா?

குழுவினர்க்கு வணக்கம்.

சுயதொழில் தொடங்கும் பெண்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிராப்ஷிப்பிங் என்ற சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன். இணையக் கடை நம் பெயரில் இருக்கும். டி-சட்டை, குவளை, துணிப்பை எல்லாவற்றிலும் நம் வடிவமைப்பு, நம் முத்திரை. அச்சடிப்பது, பொதிவது, கூரியரில் போடுவது மட்டும் சப்ளையர். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘துளிக் கப்பல்’ என்கிறது. ‘இருப்பிலா வணிகம்’ என்று எழுதலாமா? ஆர்டர் வந்தபின் அச்சடிப்பதைப் பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்றும், பிறர் செய்த பொருளை நம் முத்திரையில் விற்பதை ஒயிட் லேபிள் என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும்.

– சேலத்திலிருந்து

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

‘இருப்பிலா வணிகம்’ குறை சொல்ல முடியாத சொல். இருந்தாலும் இன்னும் இரண்டு தோன்றுகின்றன: ‘கைமாற்று வணிகம்’, ‘இணையத் தரகு’. இரண்டாவது சுருக்கமாகவும் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

– கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற வங்கிக்காரன்

* * *

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். இரண்டு நாளாகப் பதில் எழுத நினைத்து, ஆர்டர் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. நான் பார்ப்பது இந்தத் தொழில்தான். மூன்று வருடமாகத் தமிழ் வரிகள் போட்ட டி-சட்டை விற்கிறேன். சட்டை திருப்பூரில், நான் மதுரையில்.

> இருப்பிலா வணிகம்

இருப்பு இல்லைதான். ஆனால் இருப்பே இல்லாத தொழில் எத்தனையோ உண்டே. கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் கரண்டியைத் தவிர என்ன இருப்பு? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் கடைப் பக்கத்தில் ‘இருப்பு இல்லை’ என்று சிவப்பில் வந்தால் அந்தச் சட்டை தீர்ந்துபோயிற்று, வாங்க முடியாது என்று பொருள். அதையே தொழிலுக்குப் பெயராக வைத்தால் கடை வாசலில் ‘சரக்கு இல்லை’ என்று போர்டு மாட்டின கதைதான்.

> கைமாற்று வணிகம்

ஐயா கோபிக்கக் கூடாது. எங்கள் பக்கம் கைமாற்று என்றால் நாலு நாளில் தருகிறேன் என்று வட்டியில்லாமல் வாங்குவது. யோசித்தால் இந்தத் தொழிலில் அதுவும் நடக்கத்தான் செய்கிறது. சப்ளையருக்குப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளர் சட்டையை வாங்கும்போது கூரியர் பையனிடம் கொடுக்கும் பணமோ என் கணக்குக்கு வந்து சேரச் சில நாள் பிடிக்கும். நடுவில் மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

> இணையத் தரகு

இதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தரகர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்து, கமிஷனை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். எனக்கு அந்த வசதி கிடையாது.

போன தை மாதம் ‘கொஞ்சம் பொறு’ என்று ஒரு சட்டை போட்டேன். அவசரத்தில் எழுத்துருவை உள்ளே சேர்க்காமலே வடிவமைப்புக் கோப்பை அனுப்பிவிட்டேன். அச்சடித்தவர்களும் திறந்து பார்த்து, வந்தபடி அடித்து, மடித்து அனுப்பிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். “தம்பி, இந்த வட்டம் டிசைனா?” படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ‘க’ தனியாக நிற்கிறது. கொம்பும் காலும் அதன் வலப்பக்கம் புள்ளிபுள்ளியான ஒரு வட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘பொறு’விலும் அதே வட்டம். நெஞ்சில் இரண்டு வட்டத்தோடு ஒரு சட்டை! “நான் சட்டையைப் பார்க்கவே இல்லைங்க” என்றேன். உண்மைதான். அதற்கு அவர், “பார்சல்லயும் உங்க பேரு, கழுத்துலயும் உங்க பேரு, அப்ப யாரு பார்க்கணும்?” என்றார். பதில் இல்லை. கழுத்தில் என் முத்திரையைத் தைக்கவும், உறையில் என் கடைப் பெயரைப் போடவும் சட்டைக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுப்பதே அவர் அப்படிக் கேட்கத்தானே. புதுச் சட்டை என் செலவில் போயிற்று.

வரிச் சட்டமும் அந்த அம்மா கட்சிதான். ஆடிட்டர்கள் ‘பில் டூ, ஷிப் டூ’ என்பார்கள். 2017இன் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 10ஆம் பிரிவில் இருக்கிறது. நான் சொல்லி, திருப்பூர்க்காரர் நேராகப் பெங்களூருக்கு அனுப்பினாலும், அந்தச் சரக்கை நான் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் பில் இரண்டு: அவர் எனக்குப் போடுவது 340 ரூபாய்க்கு, நான் அந்த அம்மாவுக்குப் போட்டது 549 ரூபாய்க்கு. வாங்கி விற்கிறவன் வியாபாரி. பார்க்காமல் வாங்கி விற்றாலும் வியாபாரிதான்.

‘இணைய’ என்ற அடையும் வேண்டாம் என்பேன். டிராப் ஷிப்மென்ட் இணையத்துக்கு முந்தைய சொல். நிலக்கரி, மரம் மாதிரி இறக்கி ஏற்றக் கட்டுப்படியாகாத சரக்கை அமெரிக்க மொத்த வியாபாரிகள் கிடங்குக்குக் கொண்டுவராமல், உற்பத்தியாகும் இடத்திலிருந்தே நேராக வாங்குபவருக்கு அனுப்பவைத்தார்கள். மேசையும் தொலைபேசியும் வைத்தே தொழில் நடத்தியதால் ‘மேசை வியாபாரி’ என்ற பொருளில் இன்னொரு பெயரும் அவர்களுக்கு உண்டு. ஆக அந்தச் சொல் பெயர் வைத்தது சரக்கு போகிற போக்குக்கு. நாம் எல்லோரும் ஆளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என் பங்கு. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கோவை வண்டிக் கண்ணாடியில் ‘இடைநில்லா’ என்று எழுதியிருக்கும். நடத்துநர் கீழே நின்று, “ஒட்டன்சத்திரம், தாராபுரம் நிக்காது, ஏறாதீங்க” என்று கத்துவார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அந்தச் சொல் தெரியும். என் சட்டையும் அப்படித்தான், மதுரையில் நிற்காது. எனவே ‘இடைநில்லா அனுப்பு’. விற்கிறவருக்குத் தனிப் பெயர் எதற்கு? விற்பனையாளர் என்றாலே போதும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் ஆன் டிமாண்டுக்குத் ‘தேவைக்கேற்ப அச்சு’ என்று எழுதுகிறார்கள். எனக்குக் ‘கேட்டபின் அச்சு’ பிடிக்கும், பட்டறையில் “ஆர்டர் வந்தா அடிப்போம்” என்பதற்குப் பக்கத்தில் வருகிறது. ஒயிட் லேபிளை வெள்ளைச் சீட்டு, வெள்ளை அட்டை என்று ஆக்காதீர்கள், ரேஷன் கடை ஞாபகம் வரும். ‘தன்முத்திரைப் பொருள்’ போதும்.

– மதுரையிலிருந்து

* * *

தம்பிக்கு,

தரகை வாபஸ் வாங்கிக்கொண்டேன். வங்கியில் இருந்தபோது லாரி ரசீதோடு பில்கள் வரும். லாரி வழியில் இருக்கும்போதே ரசீதின் பின்னால் கையெழுத்திட்டுச் சரக்கை இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள், மூட்டையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களை ஒருநாளும் தரகர் என்று நாங்கள் சொன்னதில்லை. இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் ஓர் ஐயம். உங்கள் சட்டை திருப்பூரில் ஒரு கூரியர் கிடங்கு, பெங்களூரில் ஒரு கிடங்கு என்று நின்று நின்றுதானே போகிறது? அப்புறம் எப்படி இடைநில்லா?

இன்னொன்று, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் (‘இடைநில்லாத’ என்பதில் ‘த’ போய் ‘இடைநில்லா’ என்று நிற்பது மாதிரி) வல்லினம் மிகும். ‘இடைநில்லாச் சரக்கு’ என்று எழுத நேர்ந்தால் ‘ச்’ என்ற ஒற்றை விட்டுவிடாதீர்கள். பேருந்தில் விட்டிருப்பார்கள், அது வேறு.

* * *

ஐயா, இடைநில்லா வண்டியும் டீக்கடையில் நிற்கும். ஆள் ஏற்றாது, அவ்வளவுதான்.

– மதுரை

* * *

இருவருக்கும் நன்றி. நேற்று சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊருக்குப் போயிருந்தேன். வாட்ஸப்பில் சேலை விற்கும் பெண்கள் நாலைந்து பேரிடம் ‘இருப்பிலா வணிகம்’ என்றேன். “ஸ்டாக் இல்லாம என்னத்தை விக்கிறது?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். ‘இடைநில்லா அனுப்பு’ என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். “சேலை எங்க வீட்டுக்கு வராம நேரா போறதா?” ஆமாம் என்றேன். “அதுக்கு நாங்க ‘அங்கிருந்தே போட்டுடுங்க’ன்னு சொல்வோம். ஃபிரம் அட்ரஸ் மட்டும் எங்க பேர்ல.”

தலைப்பில் ‘இடைநில்லா அனுப்பு’ என்று வைத்துவிட்டேன். அதன் கீழே விளக்கமாக அவர்கள் சொன்ன வரியையே போட்டிருக்கிறேன். அடுத்து ‘ரிட்டர்ன்’ பற்றிய அத்தியாயம். திரும்பி வரும் சேலை மட்டும் நேராக இவர்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறதாம். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

– சேலத்திலிருந்து