ஸ்டோர் கார்டில் பழைய வட்டி மொத்தமாக ஏறிவிட்டது, நேவியில் இருப்பவருக்கு 6% வரம்பு உண்டா?

வணக்கம். நாங்கள் வர்ஜீனியா நார்ஃபோக்கில் இருக்கிறோம். 2024 அக்டோபரில் 1,800 டாலருக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கணவர் பெயரில் ஸ்டோர் கார்டு, 12 மாதம் வட்டியில்லை, அதன் பிறகு 29.99%. 2025 மார்ச்சில் அவர் அமெரிக்க நேவியில் ஆக்டிவ் டியூட்டி சேர்ந்தார். ஆட்டோபே மாதம் 138 டாலர் என்று போட்டிருந்தோம். கடைசியில் 144 டாலர் பாக்கி நின்றது. அந்த பாக்கிக்காக, வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டு 318 டாலர் வட்டியை ஒரே வரியில் பில்லில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று முறை போன் செய்தேன். "ப்ரோமோ விதி அப்படித்தான்" என்கிறார்கள். எஸ்.சி.ஆர்.ஏ. (சர்வீஸில் சேருமுன் வாங்கிய கடனின் வட்டிக்கு வரம்பு வைத்து படையினரைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம்) படி 6% வரம்பு கேட்டு, கடிதத்தோடு அவருடைய ஆர்டர்ஸ் (சர்வீஸில் சேர உத்தரவிடும் ராணுவ ஆவணம்) நகலும் தபாலில் அனுப்பி ஐந்து வாரமாகிறது, பதிலில்லை. மிலிட்டரி லெண்டிங் ஆக்டின் 36% வரம்பு சர்வீஸில் இருக்கும்போது வாங்கிய கடனுக்குத்தான், எங்களுக்கு உதவாது. நேவி பேஸில் உள்ள லீகல் ஆபீஸில் (சட்ட உதவி அலுவலகம்) இரண்டு வாரம் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட். பில் கெடு அதற்கு முன்பே வருகிறது. அவர் கப்பலில் இருக்கிறார், இங்கே எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும்.

மார்ச்சுக்குப் பிந்தைய வட்டி 6%க்குக் குறைய வேண்டும் என்பது புரிகிறது. மார்ச்சுக்கு முந்தைய மாதங்களுக்கான வட்டியும், சர்வீஸில் சேர்ந்த பிறகுதான் பில்லில் ஏற்றினார்கள் என்பதால், அந்த வரம்புக்குள் வருமா?