தாராவி: முதியோர் விழாமல் தடுக்கும் பயிற்சியில் ஒரு சிக்கல்

வணக்கம். மும்பை தாராவியில், 90 அடி சாலைப் பக்கம், ஆஷா பணியாளர்களும் (வீடு வீடாகப் போகும் அரசுத் திட்டச் சுகாதாரப் பணியாளர்கள்) நம் தமிழ்ப் பெண்களுமாக 14 பேருக்கு, வயதானவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆறு வாரமாகப் பயிற்சி கொடுக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். வகுப்பு நன்றாகவே போகிறது, வீட்டுக்குள் நுழைந்தால்தான் தொல்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை இருக்கிறதே, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்போமே, அதற்கு இங்கே இடமே இல்லை. ஒரே அறை, மேலே ஏற செங்குத்தான இரும்பு ஏணி, பாதி வீட்டில் நாற்காலியே கிடையாது. சந்தில் செய்து பார்த்தோம்: ஈரம், பைக், குழாய், வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர். கோவில் வாசலுக்கு வரச் சொன்னால் நன்றாக நடக்கிறவர்கள்தான் வருகிறார்கள். ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்கும் சோதனைக்கு இடம் போதும், ஆனால் பாட்டி சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பணியாளர்களுக்கே பயம்.

சரி, வாயால் கேட்கலாம் என்றால், விழவே இல்லை என்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும், மருமகள் வெளியே போன பிறகு, பொதுக் கழிப்பறைப் படியில் இரண்டு முறை விழுந்ததைச் சொன்னார். வீட்டில் தெரிந்தால் தனியாக வெளியே விடமாட்டார்களாம்.

அடுத்த வகுப்பு சனிக்கிழமை. இதுபோல் நெருக்கமான வீடுகளில் வேலை செய்தவர்கள், நாற்காலியும் 3 மீட்டர் இடமும் இல்லாமல் எந்தச் சோதனையைப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?