நாக்குல கம்பி குத்தி சீழ் புடிச்ச கதை: உங்களுக்கும் நடந்திருந்தா எழுதுங்க

பொகவந்தலாவ பொண்ணு:

முதல்லயே சொல்லிடுறேன், ஏன் குத்துனேன்னு புத்தி சொல்ல யாரும் வர வேணாம். அந்த வேலைய எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்ல) பத்துப் பேரு செஞ்சு முடிச்சிட்டாங்க. என்ன நடந்திச்சுன்னு மட்டும் எழுதுறேன்.

கொழும்புல ஒரு துணிக்கடையில வேலை. கூட நிக்கிற புள்ள நாக்குல குத்தியிருந்திச்சு, எனக்கும் ஆசை, போனேன். குத்தினவரு மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். புது கையுறை போட்டாரு, ஊசிய என் கண்ணு முன்னாலதான் பிரிச்சாரு, நாக்கத் தூக்கச் சொல்லி அடியில ரத்தக்குழா எங்க ஓடுதுன்னு லைட் அடிச்சுப் பார்த்துட்டு சரியா நடுவுல குத்தினாரு. போட்ட கம்பி ரொம்ப நீளம். "வீங்கும், அதுக்கு இடம் வேணும். வீக்கமெல்லாம் வத்தி ரெண்டு மூணு கிழமை போகட்டும், வாங்க, நானே குட்டைய மாத்தித் தாறேன்"னாரு. அந்த நீளக் கம்பியத்தான் நான் மதிக்கல.

மூணாம் நாள் தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்துட்டேன். வீட்ல ஆட்டிறைச்சி, நான் கஞ்சி. பல்லுவலின்னு பொய். நாக்கு பணியாரம் மாதிரி உப்பியிருந்திச்சு, எச்சி ஒழுகுது, ஓட்டைய சுத்தி வெள்ளையா தண்ணி மாதிரி ஏதோ கசியுது. ஆனா இதெல்லாம் நடக்கும்னு அவரு முன்கூட்டியே சொல்லியிருந்ததால பயப்படல. சொன்ன மாதிரியே அஞ்சாம் நாள் நல்லா வத்திருச்சு.

அப்பத்தான் புத்தி கெட்டுச்சு. வீக்கம் வத்தினதும் அந்த நீளக் கம்பி பேசுறப்ப பல்லுல டக் டக்குனு அடிக்குது. அம்மா, "வாயில என்னடி, டொபியா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டிருச்சு. போன்ல ஓடர் பண்ணி வச்சிருந்த குட்டைக் கம்பி ஒன்னு பேக்ல கெடந்திச்சு. பீலித் தண்ணியில (மலை ஊத்துத் தண்ணி) கழுவி, சட்டையில தொடச்சு, நானே மாத்திட்டேன். கைய சவர்க்காரம் போட்டுக் கழுவினேனான்னு கேட்டா, ஞாபகம் இல்ல. அதுவே பதில்தான்.

மறுநாள் காலையில நாக்கு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, நெஞ்சு அடிக்கிற அதே கணக்குல. கண்ணாடியில பார்த்தா மேல இருந்த உருண்டையில பாதியக் காணோம், சுத்தி சதை ஏறி அது உள்ள புதையுது. பொழுது சாயிறப்ப பச்சையும் மஞ்சளுமா கெட்டியா சீழ். முன்ன கசிஞ்ச வெள்ளத் தண்ணிக்கு வாடையே இல்ல, இது நாறுச்சு. தாடைக்கு அடியில நெல்லிக்கா சைசுல ஒரு கட்டி. ராத்திரி கிடுகிடுன்னு நடுக்கம். எங்க ஊர்ல இந்த மாசத்துல யாருக்குத்தான் நடுங்காது, குளிருன்னு நெனச்சு ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன்.

காலையில ரொட்டியும் கொச்சிக்கா சம்பலும். நான் தொடல. எனக்குத் தெரிஞ்சு அந்த சம்பல நான் வேணாம்னது அதுதான் முதல் தடவ. அம்மா ஒன்னும் பேசல, தாடையப் புடிச்சு வாயத் தொறந்து போன் டோர்ச்ச அடிச்சுப் பார்த்திச்சு. அடிக்கும்னு நெனச்சேன். அடிக்கல. கொழுந்து பறிக்கப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கக் கழட்டி வச்சுட்டு வேற சீலைய மாத்திக்கிட்டு "வா"ன்னுச்சு. அன்னைக்கு அம்மாவுக்குப் பேரு விழல, அந்த நாள் சம்பளம் போச்சு, இத எழுதுறப்பகூட அதுதான் குத்துது.

அத்தை மஞ்சள அரைச்சுக்கிட்டு ஓடியாந்திச்சு. வாய்க்குள்ள மஞ்சளப் பூசி என்ன ஆகப்போகுது? நான் கம்பிய உருவிப் போட்டுடலாம்னு நெனச்சேன். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பார்த்துட்டு, "கை வைக்காத. இப்ப உருவினா வாய்ப்புறம் ஓட்டை மூடிக்கும், சீழ் உள்ளயே தங்கிக் கட்டியாகிரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு துண்டு எழுதிக் குடுத்தாரு. த்ரீவீல் புடிச்சு பனிக்குள்ள இறங்கினோம்.

ஓபிடியில இருந்த டொக்டருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்கு சிங்களம் வராது. ரெண்டும் தெரிஞ்ச எனக்கு நாக்கு வராது! போன்ல சிங்களத்துல டைப் பண்ணிக் காட்டினேன். அவரு நாக்க விட்டுட்டு முதல்ல என் மோவாய்க்கு அடியிலதான் ரெண்டு விரல வச்சு அமுக்கினாரு. எச்சிய முழுங்கச் சொன்னாரு. நாக்க மேல தூக்கச் சொன்னாரு. அந்த எடம் மெத்துன்னு இருந்தா சரியாம். பலகை மாதிரி இறுகி, நாக்கு மேல எழும்பி வந்தா, தொத்து வாயோட அடித்தளத்துக்குப் பரவியிருக்குன்னு அர்த்தம், மூச்சுக்குழாயவே அடைச்சிரும்னு தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸி (நர்ஸ்) அப்புறமா சொன்னாங்க. எனக்கு மெத்துன்னுதான் இருந்திச்சாம்.

அதுக்கப்புறம் ஒரு கேள்வி: "சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து, மாசா மாசம் ஊசி போட்டியா?" எதுக்குடா இதுன்னு முழிச்சேன். அந்தக் காய்ச்சல்ல இதய வால்வு பழுதாகியிருந்தா வாயில இருக்கிற கிருமி ரத்தத்தோட போயி அதுல ஒட்டிக்குமாம். எனக்கு அப்படி இல்ல. பென்சிலின் ஒத்துக்குமா, ஏற்பு ஊசி (டெட்டனஸ்) எப்ப போட்டதுன்னும் கேட்டுட்டு, மரத்துப்போற ஊசி போட்டுக் கம்பிய எடுத்து சீழ வடிய விட்டாங்க. மருந்து ஒரு கிழமைக்கு. மூணாம் நாளே வலி போயிருச்சு, ஆனா முழுசையும் முடிக்கணும்னு மிஸ்ஸி மிரட்டி அனுப்பினதால முடிச்சேன்.

பண்டாரவளை பையன்:

எனக்கு சீழெல்லாம் இல்ல அக்கா, பல்லுதான் போச்சு. கீழ்ப்பல்லு ரெண்டோட பின்னால கம்பிய உரசிக்கிட்டே இருக்கிறது ஒரு பழக்கமாகி, ரெண்டு வருசத்துல முரசு (ஈறு) கீழ எறங்கிருச்சு, ஒரு பல்லுல சின்ன சில்லு பேந்திருச்சு. பல் டொக்டர் சொன்னது, எறங்கின முரசு தானா மேல ஏறாதாம்.

மஸ்கெலியா அண்ணன்:

தங்கச்சி, நான் பதினோரு வருசமா மாரியம்மன் திருவிழாவுக்கு நாக்குல அலகு போடுறவன். ஒரு வருசம்கூட சீழ் புடிச்சதில்ல. அம்பாள் காப்பாத்துறான்னுதான் சொல்லுவேன். ஆனா உன் கதையப் படிச்சதும் இன்னொன்னும் தோணுச்சு. எங்க அலகு ஆத்தங்கரையில ஏறினா கோயில்ல எறங்கிரும், மிஞ்சிப்போனா ரெண்டு மணித்தியாலம். உருவின கையோட ஓட்டை மூடத் தொடங்கிரும், மறுநாள் நான் சோறு திங்கிறேன். நீ போட்டது அங்கேயே குடியிருக்கிற கம்பி. காயத்த ஆறவும் விடாது, அழுக்கையும் புடிச்சு வச்சிருக்கும். ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சு "அண்ணன் போடலியா, எனக்கு என்ன ஆகும்"னு எங்க சித்தப்பா மகன் கெளம்பினான், நல்லா நாலு கேட்டேன்.

ஒருத்தரு போட்ட அலக எடுத்து சும்மா தொடச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போடுறத நான் பார்த்திருக்கேன். இப்ப எங்க கூட்டத்துல அவனவன் அலக அவனவன் கொண்டு வரணும். ரத்தத்துல வர்ற ஈரல் வியாதிக்கு நேர்த்திக்கடன்லாம் தெரியாது.

பதுளைப் பக்கத்து மிஸ்ஸி:

நான் தாதியாக வேலை செய்கிறேன். கொஞ்சம் எழுத்துத் தமிழாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் கதையில் எல்லாரும் கவனிக்க வேண்டியது வீக்கம் போன திசை. குத்திய முதல் மூன்று முதல் ஐந்து நாள் வரை நாக்கு வீங்குவது, வலிப்பது, வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ நீர் கசிவது வழமை. ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டு போக வேண்டும். குறைந்தது திரும்ப ஏறினால், சீழ் கெட்டியாகி நாறினால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் அன்றே காட்டுங்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சுத் திணறுகிறது, கழுத்து வீங்குகிறது என்றால் பஸ்ஸுக்குக் காத்து நிற்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இன்னொன்று, கொழும்பில் இருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் போடுங்கள். வலிக்கு நல்லது என்று பாமசியில் இபுபுரோஃபன், டைக்லோஃபெனக் வாங்கிப் போட்டு, டெங்குவாக இருந்து விட்டால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

கழுவுவதற்கு: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கப், உப்பு கால் தேக்கரண்டி. கூட உப்புப் போட்டால் புண் எரிந்து இன்னும் தாமதமாகும். சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும்போதும் அரை நிமிடம் கொப்பளித்தால் போதும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வையுங்கள். மதுசாரம் கலந்த மவுத்வாஷ், ஹைட்ரஜன் பெரொக்சைட் இரண்டும் வேண்டாம். வைத்தியர் குளோர்ஹெக்சிடின் தந்தால் அவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். அது பல்லில் கபிலக் கறை போடும், பிளேன்டீ குடிக்கக் குடிக்கக் கறை கூடும். நம்முடைய ஊரில் யார் பிளேன்டீயை விடப் போகிறோம்! வெற்றிலை, சிகரெட், சாராயம் ஆறும்வரை கூடவே கூடாது. உள்ளே முழுதாக ஆற நான்கு முதல் எட்டுக் கிழமை.

மஸ்கெலியா அண்ணா, காயத்தில் விபூதி பூசுவதைப் பற்றிச் சொன்னால் அடிக்க வருவீர்கள், அதனால் சொல்லவில்லை. திருவிழாவுக்கு முன்பே ஏற்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா அண்ணன்:

சரி மிஸ்ஸி, ஊசி போடுறேன். விபூதிய விட மாட்டேன்.

தலவாக்கலை தங்கச்சி:

அக்கா எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள். வீங்கித்தான் இருக்கு, வெள்ளையா வருது, காய்ச்சல் இல்ல. கை கால் ஓடல. குட்டைக் கம்பி மாத்தினா வீக்கம் கொறையுமா?

பொகவந்தலாவ பொண்ணு:

ஐயோ, மாத்தாத!! நான் எழுதினதுல அந்த ஒரு வரியாச்சும் படி. நீளமாவே கெடக்கட்டும். உருண்டை தளர்ந்திருக்கான்னு கை கழுவிட்டு ஒவ்வொரு நாளும் ஒருக்கா பாரு, தூக்கத்துல கழண்டா முழுங்கிருவ. மத்த நேரம் தொடாத. ஐஸ் துண்டு வாயில வச்சுக்கோ. பிரிஜ் இல்லாட்டி ஆறின கஞ்சி, தயிர். தலைய கொஞ்சம் ஒசத்தி வச்சுப் படு. அஞ்சாம் நாள் எப்படி இருக்குன்னு இங்க வந்து எழுது.

அம்மாகிட்ட சொல்லிட்டியா?

தலவாக்கலை தங்கச்சி:

இல்ல. பல்லுவலின்னு சொல்லியிருக்கேன்.

பொகவந்தலாவ பொண்ணு:

இன்னைக்கு ராத்திரியே சொல்லிரு. ரெண்டு அடி விழும், அவ்வளவுதான்.

எங்க அம்மா அந்தக் குட்டைக் கம்பிய டொக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருச்சு. கொதிக்க வச்சுக் காய வச்சு, சாமித்தட்டுல ஒரு சின்ன போத்தல்ல போட்டு வச்சிருக்கு. எதுக்கும்மான்னு கேட்டா, "உன் தங்கச்சிக்குக் காட்டத்தான்"னுது. அவளுக்கு வயசு ஒம்பது.