"கண்டிப்பாகப் பார்க்கிறேன்" என்பது வாக்குறுதியா, இல்லையா?

டிக்கெட்வரிசை:
"தெரியவில்லை" என்ற சொல்லே வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது, "கண்டிப்பாகப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள் என்று ஒருவர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் பேசும் இந்தக் குழுவில் அறிவுரை எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. போன வாரம் ஒரு அம்மா, பணம் திரும்ப வருமா என்று கேட்டு போன் செய்தார். வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் பேசியவர் "கண்டிப்பாகப் பார்க்கிறோம்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த அம்மா தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் தாளில் குறித்து வைத்து, எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். "கண்டிப்பான்னு சொன்னாங்களே" என்று நான்கு முறை கேட்டார். யாரோ சொன்னதற்கு நான் விழிக்கிறேன்.

பயிற்சியறை:
எழுதியது நான்தான். "கண்டிப்பாகப் பார்க்கிறேன்" என்றால் பார்ப்பதுதான் கண்டிப்பு. பணம் வருவது கண்டிப்பு என்று யார் சொன்னது? அடைமொழி எந்த வினையோடு சேரும் என்பது பள்ளிப் பாடம்.

டிக்கெட்வரிசை:
இலக்கணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் போன் செய்வதில்லை. பணம் மாட்டிக்கொண்டவர் காதில் "கண்டிப்பாக" மட்டும்தான் நிற்கும், "பார்க்கிறேன்" காற்றோடு போய்விடும்.

இரவுஷிப்ட்:
சேர்ந்த புதிதில் "தெரியவில்லை சார்" என்று மொட்டையாகச் சொன்னேன். "தெரிந்தவரிடம் போனைக் கொடு" என்றார் வாடிக்கையாளர். அன்றைக்கு அவர் எனக்குக் கொடுத்த மதிப்பீடு ஒற்றை நட்சத்திரம். அதற்கு யார் பொறுப்பு?

டிக்கெட்வரிசை:
மொட்டையாகச் சொல் என்று நான் சொல்லவே இல்லை. "முடிவு கணக்குப் பிரிவு கையில் இருக்கிறது. முடிவு வந்தாலும் வராவிட்டாலும் வியாழன் நான்கு மணிக்குள் நானே கூப்பிடுகிறேன்." இதில் எங்கே பூசி மெழுகல் இருக்கிறது? எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று சேவைத் துறையை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர் 1985லேயே எழுதிவிட்டார். மனிதருக்கு வேண்டியது ஒரு நேரம், தேன் தடவிய சொல் இல்லை.

பயிற்சியறை:
ஓகோ, "நான்கு மணிக்குள்" மட்டும் வாக்குறுதி இல்லையோ?

டிக்கெட்வரிசை:
வாக்குறுதிதான். கூப்பிடுவது என் கையில் இருக்கிறது, பணம் என் கையில் இல்லை. கையில் இருப்பதற்கு மட்டும்தான் "கண்டிப்பாக".

பயிற்சியறை:
பார்ப்பதும் கையில்தானே இருக்கிறது! அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

கணக்குப்பிரிவு:
எதற்கெடுத்தாலும் கணக்குப் பிரிவு தலையில் கட்டுகிறீர்கள். ரசீது எண் கூட இல்லாமல் புகார் டிக்கெட்டைத் தள்ளிவிட்டு, "அவர்கள் முடிவு செய்வார்கள்" என்று சொல்வது உங்களுக்குச் சுலபம்.

இரவுஷிப்ட்:
ரசீது எண் போட்டு அனுப்பினாலும் மூன்று நாள் தூங்குகிறதே?

கணக்குப்பிரிவு:
எங்களிடம் தூங்குவதில்லை. உங்கள் அலுவலகக் கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

டிக்கெட்வரிசை:
சரி, பேச்சை மாற்றாதீர்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? நெருங்கியவர் இறந்து பயணம் செய்பவருக்கான சலுகைக் கட்டணத்தை, டிக்கெட் வாங்கிய பிறகும் கேட்டுப் பெறலாம் என்று அவர்களுடைய சாட்பாட், அதாவது இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் நிரல், தவறாகச் சொன்னது. 2024இல் அங்குள்ள தீர்ப்பாயம் நிறுவனத்தையே பொறுப்பாக்கி, நஷ்ட ஈடு கொடுக்க வைத்தது. நம்பிக்கையாகச் சொன்ன சொல்லுக்கு விலை உண்டு.

பயிற்சியறை:
அது தப்பான தகவல் சொன்ன வழக்கு. "கண்டிப்பாக" என்று சொன்னதற்கா தண்டித்தார்கள்? "மன்னிக்கவும்" சொல்லலாமா என்ற விவாதத்திலும் இப்படித்தான் சம்பந்தம் இல்லாததை இழுத்தீர்கள். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன், எனக்கே பாடமா?

டிக்கெட்வரிசை:
பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட்டு "பணம் வராது அம்மா" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்? எண்ணிக்கை சொல்லுங்கள்.

பயிற்சியறை:
அது என் வேலை இல்லை.

டிக்கெட்வரிசை:
என் வேலை அதுதான். நாளைக்கு வியாழன்.

பயிற்சியறை:
கூப்பிடுங்கள். பார்ப்பதுதான் கண்டிப்பு, நான் சொன்னதில் மாற்றம் இல்லை.